90 மில்லிகிராம் தங்கம்

காட்பாடி
ஞாயிறு மாலை

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் போன வாரமே கைக்கு வந்துவிட்டது. அக்கா பேரனுக்குக் காதுகுத்து, அதற்காகப் பள்ளிகொண்டாவுக்கும் வீட்டுக்குமாக அலைச்சல். இன்றைக்குத்தான் உட்கார நேரம் கிடைத்தது. வேலூர் வெயிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டாம். பாலாறு வழக்கம்போல மணலாகக் கிடக்கிறது. ராஜத்துக்கு முழங்கால் வலி, மாடி ஏறுவதை நிறுத்திவிட்டாள். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. விடிகாலையில் கோட்டை அகழி ஓரம் நடப்பதை விடவில்லை.

சரி, மலர்விழி விஷயத்துக்கு வருகிறேன். எம்.எஸ்சி. முடித்த கையோடு, ஈர்ப்பையும், அணு அளவு உலகத்தின் விதியான குவாண்டத்தையும் இணைக்கிற கோட்பாட்டில்தான் ஆராய்ச்சி செய்வேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாமே. நூறு வருஷமாகப் பெரிய பெரிய ஆட்களால் முடியாததை இவள் என்ன செய்து கிழிக்கப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். பெற்றவன் கவலை எனக்குப் புரிகிறது. இருந்தாலும் சொல்கிறேன், அவளைப் போகவிடு. நம் காலத்தில் இதே கேள்வியை நீ கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். இப்போது நிலைமை மாறியிருக்கிறது. எப்படி என்று விளக்கத்தான் இவ்வளவு தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஐன்ஸ்டைன் தன் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலை 1915 நவம்பரில் முடித்தார். அடுத்த வருஷமே, ஈர்ப்பலைகள் பற்றி எழுதிய கட்டுரையில், குவாண்டம் கொள்கை இந்தப் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டையும் திருத்த வேண்டியிருக்கும் என்று அவரே சொல்லிவிட்டார். ஆக, சிக்கல் கோட்பாட்டோடு கூடவே பிறந்தது. நிறை எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்து வெளியும் காலமும் வளையும் என்பது அவர் சமன்பாடு. குவாண்டத்திலோ ஒரு எலெக்ட்ரான் இந்தப் பாதையிலும் இருக்கும், அந்தப் பாதையிலும் இருக்கும். அப்படியானால் வெளி எந்தப் பக்கம் வளையும்?

மற்ற விசைகளுக்குப் போட்ட அதே கணக்கை ஈர்ப்புக்கும் போடலாமே என்று தோன்றும். போட்டால் விடை முடிவிலியாக வந்து நிற்கிறது. மின்காந்தத்திலும் முடிவிலி வரத்தான் செய்கிறது, ஆனால் எலெக்ட்ரானின் நிறை, மின்னூட்டம் என்று ஓரிரண்டு அளவுகளைச் சோதனையில் அளந்து வைத்துக்கொண்டால் அது அடங்கிவிடும். ஈர்ப்பில் கணக்கை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகும்போது புதிதாக ஒரு முடிவிலி கிளம்புகிறது. அதை அடக்க இன்னொரு அளவு, அப்புறம் இன்னொன்று என்று முடிவே இல்லை. 1985-86 வாக்கில் கோரோஃப், சக்னோட்டி என்ற இருவர் இரண்டாம் கட்டம் வரை முழுதாகக் கணக்குப் போட்டு, முடிவிலி அங்கே தானாக ஒழிந்துபோகாது என்று காட்டிவிட்டார்கள்.

இந்த இடத்தில் மத்வேய் பிரான்ஸ்டைனைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வராது. 1936-லேயே அந்த சோவியத் இயற்பியலாளர் இதன் ஆழத்தைக் கண்டவர். ஈர்ப்புப் புலத்தை ஒரு சின்ன இடத்துக்குள் துல்லியமாக அளக்க, அளக்கும் பொருள் கனமாக இருக்க வேண்டும். கனம் கூடக்கூட அதன் ஈர்ப்பே அளவைக் கெடுக்கும். ஆகவே ஒரு எல்லைக்குக் கீழே வெளி, காலம் என்ற பேச்சையே மறுபடி யோசிக்க வேண்டும் என்றார். ஸ்டாலின் காலத்துக் களையெடுப்பில் 1938-இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 31 வயது. அவர் இன்னும் முப்பது வருஷம் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

இந்த இணைப்புக்கு முயன்ற இரண்டு பெரிய வழிகளான இழைக் கோட்பாட்டையும் லூப் குவாண்டம் ஈர்ப்பையும் மலர்விழி என்னைவிட நன்றாகச் சொல்வாள். இழைக் கோட்பாடு துகள்களை எல்லாம் அதிரும் சின்ன இழைகளாகப் பார்க்கிறது. 1974-இல் ஷெர்க்கும் ஷ்வார்ஸும், அந்த அதிர்வுகளில் ஒன்று ஈர்ப்பைச் சுமக்கும் துகளுக்குரிய குணத்தோடு தானாகவே வருகிறது என்று கண்டார்கள். அதற்கு விலை பத்துப் பரிமாணங்கள். லூப் வழியில் வெளி என்பதே சிறுசிறு துணுக்குகளால் ஆனது. மராட்டியத்தில் பிறந்த அபய் அஷ்டேகர் 1986-இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை வேறு மாறிகளில் எழுதிக் காட்டியதில்தான் அந்த வழி திறந்தது. நம்ம சென்னைக்கும் இதில் பங்குண்டு. தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்திலிருந்து கவுலும் பார்த்தசாரதி மஜும்தாரும் 2000-இல், கருந்துளையின் என்ட்ரோபிக்கு, அதாவது அதன் உள்நிலைகள் எத்தனை விதமாக இருக்கலாம் என்ற அளவுக்கு, ஹாக்கிங் சொன்ன கணக்கில் அடுத்து வர வேண்டிய திருத்தம் என்ன என்று லூப் வழியில் கண்டுபிடித்தார்கள். உலகம் பூராவும் அதை எடுத்துப் பேசினார்கள். இரண்டுமே அழகான வேலைதான். ஆனால் எது சரி என்று இயற்கையைக் கேட்க வழியில்லாமல் இத்தனை வருஷம் ஓடியது, அதுதான் எனக்கு வருத்தம்.

ஏன் கேட்க முடியவில்லை? ஈர்ப்பின் குவாண்டம் குணம் பளிச்சென்று தெரிய வேண்டிய அளவு பிளாங்க் நீளம். மீட்டரில் எழுதினால் புள்ளிக்கு அப்புறம் 34 சைபர் போட்டுத்தான் 16 என்று எழுத வேண்டும். ஜெனீவாவில் துகள்களை மோதவிட்டுப் பார்க்கும் பெரிய மோதுவி அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. வானத்தில் தேடலாம் என்றும் பார்த்தார்கள். வெளி துணுக்குகளால் ஆனது என்றால், அதிக ஆற்றல் கொண்ட ஒளி கொஞ்சம் பிந்தியோ முந்தியோ வரலாம் என்று ஓர் எண்ணம். 2009 மே 10 அன்று வெகுதொலைவு விண்வெளியில் நடந்த ஒரு காமாக் கதிர் வெடிப்பை ஃபெர்மி செயற்கைக்கோள் பிடித்தது. 700 கோடி வருஷத்துக்கு மேல் பயணம் செய்து வந்த ஒளி. குறைந்த ஆற்றலும் மிக அதிக ஆற்றலும் ஒரு நொடிக்குள் ஒன்றாக வந்து சேர்ந்தன. அந்த எண்ணத்தின் எளிய வடிவங்கள் அன்றோடு சரி. இந்த அளவுக்குச் சுத்தமான 'இல்லை' கிடைப்பதும் பெரிய விஷயம்தான், குமரேசா.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 1957-இல் அமெரிக்காவில் சேப்பல் ஹில் என்ற ஊரில் ஒரு மாநாடு. அங்கே இயற்பியலாளர் ஃபெயின்மன் ஒரு கேள்வி கேட்டார். ஒரு சின்ன உருண்டையை ஒரே சமயத்தில் இங்கேயும் அங்கேயும் இருக்கும் குவாண்டம் நிலையில் வைத்தால், அதன் ஈர்ப்புப் புலமும் அப்படி இரண்டுமாக இருக்குமா? பிளாங்க் நீளம் வேண்டாம், பத்துப் பரிமாணம் வேண்டாம். மேஜைமேல் கேட்கக்கூடிய கேள்வி. ஆனால் செய்து பார்க்க அன்றைக்குக் கருவி இல்லை.

பாதி வேலை 1975-லேயே நடந்தது. கொலெல்லா, ஓவர்ஹாசர், வெர்னர் மூவரும் ஒரு நியூட்ரானை இரண்டு பாதையாகப் பிரித்து, ஒரு பாதையைச் சற்று உயரத்தில் வைத்து, மறுபடி சேர்த்தார்கள். உயரத்தில் ஈர்ப்பாற்றல் வேறு அல்லவா, அந்த வித்தியாசம் நியூட்ரான் அலையின் ஏற்ற இறக்கம் இடம் மாறியதில் அப்படியே தெரிந்தது. பூமியின் ஈர்ப்பு ஒரு குவாண்டம் துகளின் இரண்டு பாதையையும் தொடுகிறது என்பது இதில் உறுதியானது. ஆனால் இங்கே இழுப்பது பூமி. அது ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இரண்டு இடத்தில் இருக்கும் பொருள் தானே இழுத்தால் என்ன ஆகும் என்பதுதான் மிச்சம்.

அந்த மிச்சத்தை நெருங்க இரண்டு பக்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், இரண்டு கூட்டமும் ஒரே ஊர், வியன்னா. ஒரு கூட்டம் 2019-இல் சுமார் 2000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை, ஒவ்வொன்றும் 25,000 அணு நிறை அலகுக்கு மேல் (ஒரு ஹைட்ரஜன் அணு ஏறக்குறைய ஒரு அலகு), இரண்டு பாதையில் அனுப்பி அலையாகச் சேர்த்துக் காட்டியது. இன்னொரு கூட்டம் 2021-இல் 90 மில்லிகிராம் தங்க உருண்டையின் ஈர்ப்பை அளந்தது. எனக்குத் தெரிந்து, இவ்வளவு சின்னப் பொருள் இழுப்பதை அதற்கு முன் யாரும் அளந்ததில்லை.

90 மில்லி தங்கம் எவ்வளவு இருக்கும் என்று எனக்குப் பார்க்க வேண்டும்போல இருந்தது. போன மாதம் ராஜத்தின் மூக்குத்தித் திருகு தொலைந்துபோக, குடியாத்தத்தில் தெரிந்த ஆசாரியிடம் போனோம். கேட்டேன். சிரித்துக்கொண்டே சாமணத்தால் பொடித் தங்கத்தை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தார். காற்றில் எண் ஆடிக்கொண்டே இருந்தது. ஃபேனை நிறுத்தினார், தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தினார், அப்புறம்தான் 0.090-இல் நின்றது. "மூக்குத்திக்கே பத்தாது சார் இது" என்றார். அவ்வளவுதான் தங்கம். அந்தத் தராசு காட்டுவது அதைப் பூமி இழுக்கும் இழுப்பு. வியன்னாவில் அளந்தது அந்தத் துளி இன்னொரு துளியை இழுப்பதை!

மயிரிழையைவிட மெல்லிய கண்ணாடி இழையில் ஒரு சின்னக் கோலைத் தொங்கவிட்டு, அதன் இரு முனையிலும் தங்க உருண்டைகளை வைத்தார்கள். வெளியிலிருந்து மூன்றாவது உருண்டையைப் பக்கத்தில் கொண்டுவருவதும் விலக்குவதுமாக ஆட்டினார்கள். அந்தத் தாளத்துக்குக் கோல் மிகமிகச் சிறிதாகத் திரும்புகிறதா என்று பார்த்தார்கள். உள்ளே வெற்றிடம், மின்னூட்டம் குறுக்கிடாமல் நடுவில் தடுப்பு. அப்படியும் ஊரின் போக்குவரத்து அதிர்வு போதும் கெடுக்க, அதனால் கிறிஸ்துமஸ் விடுமுறை ராத்திரிகளில் அளந்தார்கள். நம் காட்பாடி ஜங்ஷன் பக்கத்தில் இதைச் செய்ய முடியுமா என்று யோசித்துப் பார்.

இந்த இரண்டு அளவுகளையும் பக்கத்தில் வை. குவாண்டம் கூட்டம் வந்து நிற்கும் நிறைக்கும் ஈர்ப்புக் கூட்டம் வந்து நிற்கும் நிறைக்கும் நடுவில் 18 சைபர் இடைவெளி. பெரிய இடைவெளிதான். ஆனால் பிளாங்க் நீளத்துக்குப் போவதுபோல எட்டாத தூரம் இல்லை. ஒவ்வொரு சைபராக இரண்டு பக்கமும் குறைத்துக்கொண்டு வருகிறார்கள்.

2017-இல் லண்டனில் இருக்கும் சௌகதோ போஸும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை, மார்லெட்டோவும் வெட்ரலும் ஒரு கட்டுரை, ஃபெயின்மன் கேள்வியைச் சோதிக்க வழி சொல்லி ஒரே சமயத்தில் வெளியிட்டார்கள். போஸ் சொல்லும் வழி இது. ஒரு கிலோவை நூறு லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு எடையில் இரண்டு வைரத் துணுக்குகள். ஒவ்வொன்றையும் காந்தத்தால் இரண்டு பாதையில் இருக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, அருகருகே விழவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஈர்ப்பைத் தவிர வேறு எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது. கடைசியில் இரண்டும் குவாண்டம் முறையில் பின்னிக்கொண்டிருந்தால், அதாவது ஒன்றின் நிலையை மற்றதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாதபடி ஆகியிருந்தால், அந்தப் பின்னலை உண்டாக்கிய ஈர்ப்பும் குவாண்டம் விதிக்குக் கட்டுப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் வெறும் பழைய இயற்பியல் புலத்தால் பின்னலை உண்டாக்க முடியாது. இந்த முடிவை அப்படியே ஏற்காதவர்களும் இருக்கிறார்கள், சண்டை நடக்கிறது. ஈர்ப்பு குவாண்டமே இல்லை, அதை அப்படியே விட்டு மற்றதைத்தான் திருத்த வேண்டும் என்று 2023-இல் ஒப்பன்ஹைம் ஒரு கோட்பாட்டையே வெளியிட்டிருக்கிறார். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஆனால் அதையும் சோதித்துப் பார்க்கலாம் என்பதால் மதிக்கிறேன்.

செய்வது சுலபமில்லை. மிச்சமிருக்கும் ஒரு காற்று மூலக்கூறு மோதினாலும் போச்சு. துணுக்கில் ஒரு எலெக்ட்ரான் கூடுதலாக ஒட்டியிருந்தாலும் மின்விசை ஈர்ப்பை விழுங்கிவிடும். கடுங்குளிர் வேண்டும், அதிர்வே கூடாது. பல வருஷம் ஆகும். அதனால்தான் இப்போது கற்றுக்கொள்பவர்கள் வேண்டும் என்கிறேன். மலர்விழிக்கு ஒன்று மட்டும் சொல். கணக்கு எழுதுவதோடு நிறுத்திவிடாமல் வெற்றிடப் பம்ப்பையும் லேசரையும் கையால் தொடுகிற இடமாகப் பார்க்கட்டும். பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாட்டாளர்களும் இருக்கிறார்கள், குவாண்டம் ஒளிச் சோதனைக்கூடமும் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே கேன்டீனில் சாப்பிடுகிற இடம் அவளுக்கு நல்லது. காட்பாடியிலிருந்து ரயிலேறினால் பக்கம், நானும் எட்டிப் பார்த்துக்கொள்வேன்.

தை பிறந்ததும் மூன்று பேருமாக இங்கே வாருங்கள். வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகக் காவலூர் வானாய்வகம் போய் வருவோம். 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி திறந்தபோது அது வட ஆற்காடு மாவட்டம், இப்போது திருப்பத்தூர் மாவட்டம். சவ்வாது மலை இருட்டு மட்டும் இன்னும் நன்றாக இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களைப் பார்க்க விடுகிறார்கள். தை மாதத்தில் சிரியஸ் நன்றாக மேலே வந்திருக்கும். அதன் கூடவே ஒரு வெள்ளைக் குள்ளன், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரம், இருக்கிறது, வெறும் கண்ணுக்குத் தெரியாது. நம்ம இயற்பியலாளர் சந்திரசேகர் இங்கிலாந்துக்குப் போகும்போது கப்பலில் போட்ட கணக்கு அந்த மாதிரி நட்சத்திரத்துக்குத்தான். அது தாங்கக்கூடிய நிறைக்கு அவர் கண்ட எல்லைக்கான சூத்திரத்தில் பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி மூன்றும் ஒன்றாக வருகின்றன. ஈர்ப்பை அவர் பழைய முறையில்தான் எடுத்துக்கொண்டார், இருந்தும் அப்படி. இதை மலர்விழிக்கு அந்த இருட்டில் நின்று சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

அவளுடைய விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எப்போது என்று எழுது. பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்கலாம் என்பதில் எனக்கு ஒன்றிரண்டு யோசனை இருக்கிறது. ஃபெயின்மன் கேள்விக்கு அவள் பதில் ஆமா, இல்லையா, ஏன் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
தாமு