பேக்கப் பற்றி நம் கம்ப்யூட்டர் கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்து கடை திறந்த அன்றே இதை எழுதியிருக்க வேண்டும். முதலில் எல்லோருடைய சிஸ்டத்தையும் ஒரு முறை பார்த்துவிடுவோம், அப்புறம் எழுதலாம் என்று இருந்ததில் இரண்டு வாரம் ஓடிவிட்டது. அதற்குள் மேற்கு மாம்பலத்து வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழு ஒன்றில், விண்டோஸ் மாற்றும்போது ஓர் அலுவலகத்தின் டேட்டாவை அழித்துவிட்டோம் என்று நம் கடையைப் பற்றி வந்த செய்தி அசோக் நகர், கோடம்பாக்கம் வரை போய்விட்டது. சிலர் நேரில் வந்து கேட்டீர்கள். பலர் படித்துவிட்டுக் கேட்காமல் இருக்கிறீர்கள் என்பதும் தெரியும். உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நம்மிடம் பல வருடமாக வரும் ஓர் அலுவலகத்தில் ஜனவரி முதல் வாரம் கணக்கு சிஸ்டத்தின் எஸ்எஸ்டி, அதாவது டேட்டா இருக்கும் உள் டிஸ்க், திடீரென்று செத்துப்போனது. புது எஸ்எஸ்டி போட்டு, பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றலாம் என்று வெளி ஹார்ட் டிஸ்கைத் திறந்து பார்த்தோம். சிஸ்டம் இமேஜ் (விண்டோஸோடு சேர்த்து முழு சிஸ்டத்தின் நகல்), கணக்கு மென்பொருளான டேலியின் டேட்டாவின் தினசரி நகல் இரண்டுமே அக்டோபர் 4, சனிக்கிழமையோடு நின்றிருந்தன. அந்த சிஸ்டத்தை விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு நாங்கள் மாற்றியது மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அதாவது மாற்றிய நாளிலிருந்து ஒரு பேக்கப்கூட விழவில்லை.

மூன்று மாதக் கணக்கு. பில் புத்தகம், வங்கி ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி தளத்தில் ஏற்கெனவே தாக்கல் செய்திருந்த விவரங்கள் எல்லாவற்றையும் எதிரில் வைத்துக்கொண்டு, அவர்கள் அலுவலகத்துப் பெண்ணும் நம் கடைப் பையன் ஒருவரும் பதினோரு நாள் உட்கார்ந்து மறுபடி ஏற்றினார்கள். அதற்கு நாங்கள் பணம் வாங்கவில்லை. அது எங்கள் கடமை. அவர்கள் பட்ட சிரமத்துக்கு உங்கள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் அந்த வாட்ஸ்அப் செய்தியில் ஒரு வரி இருக்கிறது. ‘பழைய டேட்டாவை எடுத்து வைக்காமலேயே ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்டுவிட்டார்கள்’ என்று. இதை மட்டும் என்னால் விட முடியவில்லை. 2008-லிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். எடுத்து வைக்காமல் ஒரு டிஸ்கில்கூட நான் கை வைத்ததில்லை. ஃபார்மட் செய்து, அதாவது டிஸ்கில் இருப்பதை அழித்துவிட்டுப் போடுவது வேறு, இருப்பதன் மேலேயே அப்கிரேட் செய்வது வேறு. நாங்கள் செய்தது இரண்டாவது. அதில் உங்கள் ஃபைல், டேலி, பிரிண்டர் எல்லாம் அப்படியே இருக்கும். பழைய விண்டோஸ்கூட ஒரு தனி ஃபோல்டரில் 10 நாள் இருக்கும், வேண்டாமென்றால் அதற்குள் திரும்பிப் போகலாம். அதற்கும் முன்னால், ஒவ்வொரு சிஸ்டத்திலும் டேட்டாவை இரண்டு நகல் எடுத்தோம். ஒன்று உங்கள் டிஸ்கில், ஒன்று எங்கள் கடை டிஸ்கில். எந்த ஃபோல்டர், எத்தனை ஜிபி, எந்தத் தேதி என்று நோட்டில் எழுதி உங்கள் அலுவலகத்திலேயே கையெழுத்தும் வாங்கினோம். அந்த நோட்டு என் மேசையில்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து உங்கள் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். அப்கிரேட் முடிந்த அன்று எல்லா டேட்டாவும் இருந்தது, மூன்று மாதம் அதில்தான் வேலையும் நடந்தது. போனது ஜனவரியில், எஸ்எஸ்டி செத்ததால் போனது. அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய பேக்கப் அங்கே இல்லை என்பதுதான் எங்கள் குறை. அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன். டேட்டாவை அழித்தோம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது.

‘நன்றாக ஓடியதை ஏன் மாற்றினார்கள்’ என்றும் கேட்டிருக்கிறார்கள். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றன. அன்றோடு சிஸ்டம் நின்றுவிடும் என்று நாங்கள் யாரையும் பயமுறுத்தவில்லை. வீட்டு சிஸ்டங்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை அந்த அப்டேட்களுக்கு நீட்டிப்பு வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னோம். விண்டோஸ் 11 ஏற்காத, இண்டெல் எட்டாம் தலைமுறை பிராசஸருக்கு முந்தைய சிஸ்டம் வைத்திருந்தவர்களிடம், விண்டோஸ் 11-க்காகப் புதுசு வாங்க வேண்டாம், இந்த வருடம் நீட்டிப்பிலேயே ஓட்டுங்கள் என்று சொல்லி அனுப்பியது உங்களுக்கே நினைவிருக்கும்.

சரி, பேக்கப் ஏன் விழவில்லை? இதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேறு இடத்தில் அப்கிரேட் செய்தவர்களுக்கும் இதே நிலை இருக்கலாம்.

உங்கள் டிஸ்கில் சி டிரைவ் மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சின்னப் பகுதிகள் இரண்டு மூன்று உண்டு. சிஸ்டம் கிளம்புவதற்கு ஒன்று, கெட்டுப்போனால் சரிசெய்யும் கருவிகளுக்கு ஒன்று. இரண்டாவதை ரிகவரி பார்ட்டிஷன் என்போம். சிஸ்டம் இமேஜ் எடுக்கும்போது விண்டோஸ் சி டிரைவோடு இவற்றையும் சேர்த்து எடுக்கிறது. எடுப்பதற்கு முன்னால் அந்தந்தப் பகுதியை அந்த நொடியில் இருந்தபடியே ஒரு நிழல் நகலாகப் பிடித்துக்கொள்கிறது. அதற்குக் கொஞ்சம் காலி இடம் வேண்டும். 500 எம்பிக்குக் குறைவான பகுதியில் 50 எம்பி, அதற்கு மேற்பட்டதில் 320 எம்பி. விண்டோஸ் 10 காலத்தில் இந்த இடம் இருந்தது. அப்கிரேட் ஆனபோது புதிய ரிகவரி கருவிகள் வந்து உட்கார்ந்து அதை நிரப்பிவிட்டன. நாங்கள் பார்த்த ஒரு சிஸ்டத்தில் அந்தப் பகுதி 529 எம்பி, காலி இருந்தது 83 எம்பி. அவ்வளவுதான், இமேஜ் எடுக்க மறுத்துவிட்டது.

இதில் ஏமாற்றுவது அந்தப் பிழைச் செய்தி. 80780119 என்று முடியும் எண்ணோடு, சேமிக்கும் இடத்தில் நிழல் நகலுக்குப் போதிய இடம் இல்லை என்று வரும். படிக்கிறவர் வெளி ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது என்றுதான் நினைப்பார். நம் மருந்துக்கடை அண்ணாச்சி இதைப் பார்த்துவிட்டு ரிச்சி தெருவுக்குப் போய் 2 டிபி டிஸ்க் வாங்கிவந்து மாட்டினார், மறுபடி அதே செய்தி. அவர் பழைய டிஸ்கிலேயே பாதிக்கு மேல் காலி. இதற்கு வழி, சி டிரைவிலிருந்து 1 ஜிபி குறைத்து, ரிகவரி பார்ட்டிஷனைப் பெரிதாக மறுபடி அமைப்பது. அரை மணி நேர வேலை. வீடியோ பார்த்து நீங்களே செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தவறான பார்ட்டிஷனை அழித்தால் அப்புறம் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

தினசரி நகல் நின்றதற்குக் காரணம் வேறு. அந்த அலுவலகத்தில் வெளி டிஸ்க் முன்பு ‘இ’ எழுத்தில் இருந்தது, அப்கிரேட்டுக்குப் பின் ‘எஃப்’ ஆகிவிட்டது. இரவு பத்து மணிக்குத் தானாக நகல் எடுக்கும் வேலை, இல்லாத ‘இ’-யைத் தேடிவிட்டுச் சத்தமில்லாமல் நின்றுவிடும். இன்னொரு இடத்தில் விண்டோஸ் உள்நுழைவை மாற்றியதில், அந்த வேலைக்குள் சேமித்திருந்த பழைய பாஸ்வேர்ட் செல்லாமல் போனது. ஒரு வீட்டில் டெஸ்க்டாப் ஃபோல்டர் மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பான ஒன்டிரைவுக்குள் இடம் மாறிவிட்டது. நம் நகல் பழைய, காலியான ஃபோல்டரையே தினமும் ஒழுங்காக எடுத்துக்கொண்டிருந்தது. ஒன்டிரைவின் 5 ஜிபி இலவச இடம் தீர்ந்து அதுவும் நின்றுபோயிருந்தது. போட்டோ ஸ்டூடியோவில் பிரச்சினை நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க் வழியாக எல்லா சிஸ்டமும் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டி. பாஸ்வேர்ட் இல்லாமல் யாரும் திறக்கிற மாதிரி அதை வைத்திருந்தோம். விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு அப்படிப்பட்ட இணைப்பை ஏற்பதில்லை. தனிப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் போட்டதும் சரியாகிவிட்டது.

இவை எதுவும் விண்டோஸின் கோளாறு என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். மாற்றிய வாரத்திலேயே வந்து பார்த்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். நம்மிடம் ஏழு வருடம் இருந்த தம்பி நவம்பரில் பெரிய கம்பெனி வேலை கிடைத்துப் போனதில், மாதாந்திரச் சோதனைக்குச் சில இடங்களுக்கு வர முடியாமல் போனது. இப்போது புதுப் பையன் சேர்ந்திருக்கிறார்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்த மடலைப் படித்த கையோடு வெளி டிஸ்கைத் திறந்து, நகல் எடுத்து வைக்கும் ஃபோல்டரில் கடைசியாக விழுந்த ஃபைலின் தேதியைப் பாருங்கள். நேற்றைய தேதி இருந்தால், அதில் ஒரு ஃபைலைத் திறந்தும் பார்த்துவிடுங்கள். வாரக்கணக்கில் பழையதாக இருந்தால் டேலி டேட்டாவை அப்போதே ஒரு பென்டிரைவில் போட்டுவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். முடிந்தவர்கள் இரண்டாவது டிஸ்க் ஒன்றை வீட்டிலோ, வேறு ஏரியாவில் இருக்கும் உறவினரிடமோ வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சிபியுவும் பேக்கப் டிஸ்கும் ஒரே மேசைக்கடியில் மூழ்கிக் கிடந்ததை இந்தத் தெருவில் நாம் எல்லோருமே பார்த்தோம்.

அந்த வெள்ளத்துக்குப் பின் கடையில் ஒன்றும் மிஞ்சாமல் நின்றபோது, அடுத்த வருடத்துக்கான பராமரிப்புத் தொகையை முன்கூட்டியே கொண்டுவந்து கொடுத்தவர்கள் நீங்கள். இந்த ஜனவரியிலும் செய்தியைப் படித்துவிட்டு, ‘முதலில் அவரைக் கேட்போம்’ என்று குழுவில் எழுதிய ஆடிட்டர் அம்மாவுக்கும், கடைக்கு வந்து டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போன அச்சகத்து ஐயாவுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நன்றி என்ற வார்த்தை அதற்குச் சின்னது.

பிப்ரவரி முழுக்க ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கும். நாங்கள் அப்கிரேட் செய்த எல்லா சிஸ்டத்துக்கும் பேக்கப் சோதனையும், தேவைப்பட்டால் பார்ட்டிஷன் வேலையும் இலவசம். சோதனை முடிந்ததும் கடைசி பேக்கப் தேதியை எழுதி உங்களிடம் ஒரு சீட்டு தருவோம், எங்கள் நோட்டில் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். ரேம், எஸ்எஸ்டி விலை ஏறிவிட்டதாலும் ஆள் சம்பளத்தாலும் ஏப்ரல் முதல் வருடப் பராமரிப்புத் தொகை ஒரு சிஸ்டத்துக்கு 3,600 ரூபாயிலிருந்து 4,200 ரூபாய் ஆகிறது. 11, 20 தேதிகளில் ஜிஎஸ்டி வேலை இருக்கும் அலுவலகங்கள் அந்த நாட்களைத் தவிர்த்து நேரம் சொன்னால், நானே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
கடை உரிமையாளர்
மேற்கு மாம்பலம், சென்னை