ஆல்கோ சத்தத்துக்கு எந்த பவர் சப்ளை?

பொன்மலை, திருச்சி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கூட அனுப்பியிருந்த ஒலிப்பதிவை நாலு முறை கேட்டேன். வீட்டில் எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி மட்டும் மழை பெய்தால் கூடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு இப்போது நான் தனியாகத்தான் போகிறேன்.

ஒஹாயோவில் பேரனுக்கென்று நீ வாங்கிய சி-628 மாடல் ரயில் எஞ்சினின் சத்தம் ஏன் உன்னை அப்படி உலுக்கியது என்று கேட்டிருந்தாய். காரணம் இருக்கிறது. நிஜ சி-628க்குள் இருந்தது ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் 16 சிலிண்டர் 251 டீசல். நம் ரயில்வேயின் டபிள்யூடிஎம்-2 டீசல் வண்டிக்குள் இருந்ததும் அதே 251 குடும்பம்தான். முதல் வண்டிகள் 1962ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தன. 1964லிருந்து வாரணாசியில் செய்தார்கள். ராத்திரி இங்கே டீசல் ஷெட் பக்கமிருந்து கேட்குமே, நின்ற இடத்திலேயே 'டக… டக… டக' என்று, அதைத்தான் நீ உன் மகள் வீட்டு பேஸ்மென்ட்டில் கேட்டிருக்கிறாய்.

ஆனால் பதிவில் அந்தச் சத்தம் தொடங்குவதும் அறுவதுமாக இருக்கிறது. எஞ்சினில் கோளாறு இல்லை. பேரனின் பழைய கன்ட்ரோலரோடு அதற்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். பழைய டிசி முறையில் தண்டவாளத்து வோல்ட்டேஜ்தான் வேகம். 0 என்றால் நிற்கும், 12 என்றால் ஓடும். எஞ்சினுக்குள் சத்தம் போடும் சின்ன சர்க்யூட்டான டிகோடருக்கோ கண் விழிக்கவே ஐந்தாறு வோல்ட் வேண்டும். அதனால்தான் நீ குமிழைப் பாதி திருப்பும் வரை ஒன்றும் நடக்காமல், பிறகு திடுக்கென்று கிளம்புகிறது. வண்டியை நிறுத்தினால் சத்தமும் செத்துவிடுகிறது. நமக்கு வேண்டியதே நிற்கும் எஞ்சினின் சத்தம்தானே!

அதற்கு வழி டிசிசி, அதாவது டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல். அதில் தண்டவாளத்தில் எப்போதும் ஏறக்குறைய 14 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். துருவம் மட்டும் மாறி மாறிப் புரளும். அந்தப் புரளலின் கால அளவில்தான் கட்டளை போகிறது. ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ நொடி என்றால் ஒன்று, 100 அல்லது அதற்கு மேல் என்றால் பூஜ்யம். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் அதைப் படித்து, மோட்டாருக்கு எவ்வளவு, ஹாரனா, மணியா என்று பிரித்துக் கொடுக்கும். வண்டி நின்றாலும் மின்சாரம் நிற்பதில்லை, ஆகவே சத்தமும் நிற்பதில்லை. உன் எஞ்சினில் டிகோடர் ஏற்கெனவே இருப்பதால் கட்டளை அனுப்பும் கமாண்ட் ஸ்டேஷன் பெட்டி ஒன்றும் அதற்கேற்ற சப்ளையும் வாங்கினால் போதும். காசை மிச்சம் பிடிக்க, டிசி மோட்டாருக்கு என்று விற்கும் பிடபிள்யூஎம் கன்ட்ரோலரை மட்டும் வாங்கிவிடாதே. அது மின்சாரத்தைத் துண்டு துண்டாக நறுக்கித் தருவது. சவுண்ட் டிகோடர் குழம்பிப்போய்க் கரகரக்கும், சமயத்தில் பாழாகியும் போகும்.

இனி சப்ளை. சத்தம் கூட வேண்டும் என்று வோல்ட்டை ஏற்றாதே. உங்கள் 1:87 அளவுக்கு 14, 15 வோல்ட் தாராளம். கடையில் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைக் கைகாட்டினால், ஸ்டேஷன் அதைக் குறைத்துத் தண்டவாளத்துக்கு அனுப்புமா, அப்படியே தள்ளிவிடுமா என்று முதலில் பார்.

கணக்குப் போட வேண்டியது ஆம்ப்பில்தான். ஓடும் எஞ்சினுக்கு அரை ஆம்ப், சும்மா நின்று உறுமுவதற்கு 0.1 ஆம்ப் என்று வை. பேரன் இரண்டு ஓட்டி, இரண்டை நிறுத்தி வைத்தால் 1.2 ஆம்ப். பெட்டிகளில் பழைய குண்டு பல்பு இருந்தால் தனியாகக் கூட்டிக்கொள். அவனுக்கு 3 ஆம்ப் போதும். 5 ஆம்ப் வாங்கினால் வண்டி தடம் புரண்டு ஷார்ட் ஆகும்போது 75 வாட் வரை சூடு ஒரு சக்கரத்தில் இறங்கலாம், பிளாஸ்டிக் உருகலாம். எதை வாங்கினாலும் ஒரு கால் டாலர் காசைத் தண்டவாளத்தின் குறுக்கே வை. ஸ்டேஷன் உடனே தானே மின்சாரத்தை அறுத்து டிரிப் ஆக வேண்டும். மேசையின் கடைசி மூலையிலும் வைத்துப் பார்.

என் மேசையில் அந்த மூலையில்தான் டிரிப் ஆகவில்லை. ஸ்டேஷன் பக்கத்தில் 14.2 வோல்ட், எஞ்சின் ஓடும்போது கோடியில் 11.6. தண்டவாளமே கம்பி என்று நம்பியிருந்தேன். பிறகு மேசைக்கு அடியில் 1.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயரை இரண்டு வரியாக இழுத்து, மூன்றடிக்கு ஒரு இடத்தில் தண்டவாளத்தோடு சால்டர் வைத்தேன். இப்போது கோடியிலும் 13.9 காட்டுகிறது. காசு வைத்த கணம் ஸ்டேஷன் கட் ஆகிறது.

இன்னொன்று. எஞ்சினுக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள், அழுக்குத் தண்டவாளத்தில் சத்தம் அறாமல் இருக்க. ஐந்தாறு எஞ்சின் இருந்தால் ஸ்விட்ச் போட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரத்தை உறிஞ்சும். ஸ்டேஷன் அதை ஷார்ட் என்று நினைத்து டிரிப் ஆகும், மறுபடி வரும், மறுபடி டிரிப். இங்கே கரண்ட் போய் வரும்போதெல்லாம் எனக்கு இதே கதைதான். எஞ்சின்களை நிறுத்தி வைக்கும் சைடிங்குகளுக்குத் தனித்தனி ஸ்விட்ச் போட்ட பிறகுதான் ஓய்ந்தது. தண்டவாளம் பிரியும் இடத்தில் பாயிண்ட் மாற்றும் காயில்களுக்கும் வேறு சப்ளை கொடு. அது இழுக்கும் இழுப்பில் ஹாரன் பாதியில் அறுந்துவிடும்.

பொங்கலுக்கு வரும்போது எஞ்சினையும் ஸ்டேஷனையும் கொண்டுவருவதாக எழுதியிருக்கிறாய். அடாப்டரின் அடியில் இருக்கும் எழுத்தை இன்றே படித்துப் பார். 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் எடுத்துவா. 120 மட்டும் இருந்தால் அங்கேயே வைத்துவிடு. ஒருமுறை உறவினர் ஒருவர் அங்கிருந்து கொண்டுவந்து கொடுத்த அமெரிக்க பவர் பேக்கின் எழுத்தைப் படிக்காமல் அதை நம் 230ல் சொருகினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, வார்னிஷ் கருகும் வாசனை வீடு முழுக்க. பிளக்கைப் பிடுங்குவதற்குள் காயில் போய்விட்டது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

ஸ்டேஷன் எத்தனை வோல்ட் கேட்கிறது, டிசியா ஏசியா, பின்னின் நடு பிளஸ்ஸா மைனஸா, இவை மூன்றையும் எழுதி அனுப்பு. அதற்குத் தக்க எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து முன்கூட்டியே வரவழைத்து வைக்கிறேன். மாடி அறையில் எட்டடிக்கு நாலடி மேசை தயாராக இருக்கிறது. ஷெட்டிலிருந்து ஆல்கோ சத்தம் இப்போதெல்லாம் அபூர்வம். நீ வந்ததும் முதல் ராத்திரி எஞ்சினை ஓட்டவே வேண்டாம், விளக்கை அணைத்துவிட்டு நிறுத்தி வைத்தே கேட்போம்.

பேரனுக்கு என் ஆசி.

அன்புடன்,
உன் பொன்மலைக்காரன்