மான்சா மூசாவுக்கு முன்னும் பின்னும்

காரைக்குடி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கமலா உடனே வசம்பு வளையல் வாங்கி வைத்துவிட்டாள், யாராவது கோயம்புத்தூர் வந்தால் கொடுத்தனுப்புவோம். எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இப்போது பொடி எழுத்துகூடத் தெரிகிறது. அந்த உற்சாகத்தில் இந்தக் கடிதம் கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மான்சா மூசா வீடியோவைப் பார்த்தேன். ‘உலக வரலாற்றிலேயே பெரும் பணக்காரர், இன்றைய மதிப்பில் 400 பில்லியன் டாலர்’ என்று ஒருவர் கத்திக்கொண்டே இருக்கிறார். 14-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டை ஆண்ட ராஜாவின் கஜானாக் கணக்கு யார் கையில் இருக்கிறது? தங்க வயல்கள்கூட நேரடியாக அவர் கைக்குள் இல்லை. தோண்டுகிற ஜனங்களிடம் ரொம்பக் கெடுபிடி செய்தால் தோண்டுவதையே நிறுத்திவிடுவார்கள் என்று விட்டுப்பிடித்தார், கப்பமாக வந்ததை வாங்கிக்கொண்டார். ‘எகிப்தின் பொருளாதாரத்தையே கவிழ்த்தார்’ என்பதும் ஊதிப் பெரிதாக்கியதுதான். அல் உமரி என்ற டமாஸ்கஸ்காரர், மூசா 1324-இல் ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் தங்கிச் சென்று 12 வருஷம் கழித்து, அங்கே விசாரித்து எழுதியிருக்கிறார். அதுவரை ஒரு மித்கால் எடைத் தங்கம் 25 திர்ஹாம் வெள்ளிக்காசுக்குக் கீழே இறங்கியதில்லை. மூசா வாரி இறைத்த பிறகு 22-க்கு மேல் ஏறவில்லை. நீ பேங்கில் இருந்தவன், கணக்குப் போட்டுப் பார். சுமார் 12 சதவீதம். சந்தை ஆடியிருக்கிறது, கவிழவில்லை. திரும்பும்போது கைச்செலவுக்குப் பணமில்லாமல் அதே கெய்ரோ வியாபாரிகளிடம் மூசா அநியாய வட்டிக்குக் கடன் வாங்கினார். அதை உன் வீடியோக்காரர் சொல்லவே இல்லை!

மூசாவை விட அவருக்கு முன்னும் பின்னும் இருந்தவர்கள்தான் எனக்கு சுவாரசியம். பேரரசை நிறுவிய சுந்தியாத்தா கெய்ட்டா, சின்ன வயதில் நடக்கவே முடியாமல் இருந்தாராம். அவர் 1235 வாக்கில் கிரினாவில் சோசோ அரசன் சுமங்குருவைத் தோற்கடித்ததை, பரம்பரைப் பாடகர்களான ஜெலிகள் இன்றைக்கும் பாடுகிறார்கள். அவருக்குப் பின் வந்தவர்களைப் பற்றி அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் எழுதியதைப் படித்தால் தலை சுற்றும். கலீஃபா என்று ஒரு வாரிசு. அம்பெய்வதில் பைத்தியம், நிஜமாகவே பைத்தியம். போகிற வருகிற குடிமக்கள் மேல் அம்பு விட்டுக் கொன்றுகொண்டிருந்தார். பொறுத்துப் பார்த்த ஜனங்கள் அவரையே கொன்றுவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் சகூரா என்ற ஒருவர் அரியணையைப் பிடித்தார். அந்தக் குடும்பத்துக்கு அடிமையாக இருந்தவர், ஆனால் ராஜ்யத்தை விரித்ததில் பிறவி இளவரசர்களை விடக் கெட்டிக்காரர்.

மூசா தான் ராஜாவான கதையைக் கெய்ரோவில் ஓர் அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். அவருக்கு முன்பிருந்த அரசருக்குக் கடலின் மறுகரையைப் பார்த்தே தீரவேண்டும் என்று ஆசை. முதலில் 200 படகுகளில் ஆட்களை அனுப்பினார், ஒன்றுதான் திரும்பியது. நடுக்கடலில் ஆறு போல ஓர் ஓட்டம் மற்றவர்களை இழுத்துப் போய்விட்டது என்று அதிலிருந்தவன் சொன்னான். அரசர் நம்பவில்லை. 2,000 படகுகள் தயார் செய்து, பாதியில் ஆட்களையும் பாதியில் தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொண்டு, மூசாவைப் பொறுப்பில் வைத்துவிட்டுத் தானே புறப்பட்டார். அவ்வளவுதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனே சொல்கிற கதை, கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்கவேண்டும். ஆனாலும் பதவியை விட்டு இப்படிப் போன ராஜாவை வேறு எங்கும் நான் படித்ததில்லை.

மூசாவின் தம்பி சுலைமான் காலத்தில், 1352-இல், மொராக்கோ நாட்டு யாத்ரீகர் இப்னு பதூதா அங்கே போகிறார். இதே மனிதர் சில வருஷங்களுக்கு முன் நம் மதுரை சுல்தானிடம் வந்து தங்கி, அங்கே நடந்த சித்திரவதைகளை எழுதி வைத்தவர். மாலி சுல்தானிடமிருந்து வரவேற்புப் பரிசு வருகிறது என்று ஆட்கள் ஓடிவர, பட்டு அங்கியும் பொற்காசும் என்று எழுந்து நிற்கிறார். வந்தது மூன்று ரொட்டி, எண்ணெயில் பொரித்த ஒரு துண்டு மாட்டிறைச்சி, ஒரு சுரைக்குடுவையில் தயிர். விழுந்து விழுந்து சிரித்ததாக எழுதுகிறார். பிறகு ஒரு நாள் சபையிலேயே எழுந்து, மற்ற ராஜாக்களிடம் உங்களைப் பற்றி நான் என்ன சொல்வது என்று கேட்டுவிட்டார். அதற்கப்புறம்தான் வீடும் படியும் கிடைத்தன. கஞ்சன் என்று திட்டினாரே தவிர, அந்த நாட்டில் வழிப்பறி பயம் இல்லை, அங்கே செத்துப்போன வெளியூர்க்காரன் சொத்தில் யாரும் கை வைப்பதில்லை என்றும் மறைக்காமல் எழுதினார். என்னைக் கேட்டால் தங்கத்தை இறைத்த அண்ணனை விட இந்தக் கஞ்சத் தம்பி தேவலை. சேர்த்ததை அழிக்க மாரி ஜாத்தா என்று ஒருவர் பின்னாலேயே வந்தார். முன்னோர் கட்டிக்காத்த பெரிய தங்கப் பாறை ஒன்றை எகிப்து வியாபாரிகளுக்குச் சல்லிசாக விற்றுத் தீர்த்தார். கடைசியில் தூக்க நோய் வந்து செத்தார்.

அடுத்து வந்த சோங்காய் அரசைப் பற்றி அதிகம் எழுதவில்லை. 1493-இல் அரியணையைப் பறித்த தளபதி அஸ்கியா முகமது பெரிய நிர்வாகி. ஆனால் 1528-இல் பெற்ற மகனே அவரை இறக்கினான். கண் தெரியாத கிழவரை நைஜர் ஆற்றில் ஒரு தீவில் கொண்டுபோய் விட்டார்கள். 1591-இல் மொராக்கோ படை துப்பாக்கியோடு பாலைவனம் தாண்டி வந்தது, அந்த அரசும் முடிந்தது.

மாலியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு, 1960-இல் முதல் ஜனாதிபதியானவர் மோதிபோ கெய்ட்டா. சுந்தியாத்தாவின் குலப்பெயர், தொழில் பள்ளிக்கூட வாத்தியார். நம்ம ஜாதி என்பதால் எனக்கு அவர் மேல் ஒரு பாசம். சோஷலிசம், சொந்த நாணயம் என்று கனவுகளோடு ஆரம்பித்து, போகப்போக எதிர்த்தவர்களைச் சிறையில் போட்டார். 1968 நவம்பரில் மூசா த்ராவ்ரே என்ற லெப்டினன்ட் அவரைக் கவிழ்த்தார். பிறகு விடுதலையே இல்லை. 1977-இல் காவலிலேயே இறந்தபோது அரசு வானொலி சொன்னது என்ன தெரியுமா? மோதிபோ கெய்ட்டா, ஓய்வுபெற்ற ஆசிரியர், காலமானார். நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கித் தந்தவருக்கு அவ்வளவுதான் அடைமொழி. அப்படியும் அடக்கத்துக்குக் கூட்டம் திரண்டது.

த்ராவ்ரே 22 வருஷத்துக்கு மேல் ஆண்டார். 1991 மார்ச்சில் தலைநகர் பமாகோவின் தெருக்களில் மாணவர்களும் பெண்களும் இறங்க, ராணுவம் சுட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்போது அமதூ தூமானி தூரே என்ற லெப்டினன்ட் கர்னல் த்ராவ்ரேயையே கைது செய்தார். இங்கேதான் நான் சொல்ல வந்தது. அந்த தூரே ஒரு வருஷத்தில் தேர்தல் நடத்தி, ஜெயித்த அல்ஃபா உமர் கொனாரே என்ற வரலாற்று ஆசிரியரிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போனார். கொனாரேயும் இரண்டு தவணை முடிந்ததும் 2002-இல் இறங்கினார். மரண தண்டனை பெற்றிருந்த த்ராவ்ரேக்கு மன்னிப்பும் கொடுத்தார். எழுநூறு வருஷக் கதையில் எனக்குப் பிடித்த பத்து வருஷம் இதுதான்.

அப்புறம் தூரேயே தேர்தலில் நின்று ஜெயித்தார், இரண்டு முறை. 2012-இல் தேர்தலுக்கு ஒரு மாதம்தான் பாக்கி, அவர் நிற்கவும் இல்லை, விலகத்தான் போகிறார். அதற்குள் ஒரு கேப்டன் வந்து அவரைத் துரத்திவிட்டார். வடக்கே துவாரெக் என்ற பாலைவன இனத்துக் கிளர்ச்சிக்காரர்களிடம் அடி வாங்கிய ராணுவத்தின் கோபம் அது. அந்தக் குழப்பத்தில் பாதி நாடு ஜிஹாதிகள் கைக்குப் போனது, பழம்பெரும் நகரமான டிம்பக்டுவின் பழைய சமாதிகளை இடித்துத் தள்ளினார்கள். 2020-இல் ஜனாதிபதியாக இருந்த இன்னொரு கெய்ட்டாவை ராணுவத்தார் கவிழ்த்தார்கள். 2021-இல் இடைக்கால ஜனாதிபதியையும் தள்ளிவிட்டு அசிமி கொய்தா என்ற கர்னல் உட்கார்ந்தார். தேர்தல் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே, 2025-இல் கட்சிகளைக் கலைத்துவிட்டு, தேர்தலே இல்லாமல் ஐந்து வருஷம், வேண்டுமானால் மறுபடியும் நீட்டிக்கலாம் என்று சட்டம் போட்டுக்கொண்டார். பிரெஞ்சுப் படையை வெளியேற்றியதற்குத் தெருவில் அவருக்குக் கைதட்டலும் கிடைத்தது, அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் 2025 கடைசியில் ஜிஹாதிகள் டேங்கர் லாரிகளை வழிமறித்துக் கொளுத்த, பமாகோவில் பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசை, பள்ளிக்கூடங்களுக்கு லீவு.

நீ சொன்ன அந்த ஃபிக்சட் டெபாசிட் விஷயத்தை மகனிடம் பேசிவிட்டு எழுதுகிறேன். பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று உடனே தெரிவி. கமலா வெள்ளிக் கொலுசில் பெயர் பொறிக்கக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
முத்தையா