ஆர்.சி. புக் யார் பேரில்?

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் சுகம். தீபாவளிக்கு எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் பொங்கல் தாண்டியும் எழுதவில்லை. நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அதற்கு முன் இதைப் படித்துவிடு. போன சனிக்கிழமையிலிருந்து உங்கப்பாவின் பழைய கார்கள் நிற்கிற உன் வீட்டு ஷெட்தான் கண் முன்னால் நிற்கிறது.

அன்றைக்கு ரீனோ போயிருந்தோம். சாக்ரமென்டோவிலிருந்து மலை ஏறி இறங்கினால் இரண்டு மணி நேரம். வாசுவின் பையனுக்குப் பனி பார்க்க வேண்டும், எனக்கு அங்கே ஆற்றங்கரையில் இருக்கும் கார் மியூசியத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு தாமஸ் ஃப்ளையர் நிற்கிறது, 1907-ல் செய்தது. 1908-ல் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை நடந்த பந்தயத்தில் ஜெயித்த அதே வண்டி. 169 நாள் ஓட்டம், சேகர்! பிற்பாடு அதை வாங்கிய பில் ஹாரா என்ன செய்தார் தெரியுமா? இது அந்த வண்டிதானா என்று உறுதி செய்ய, பந்தயத்தில் ஓட்டிய ஜார்ஜ் ஷூஸ்டரையே ரீனோவுக்கு வரவழைத்தார். அப்போது அவருக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. வழியில் தான் கைப்பட ரிப்பேர் பார்த்த இடங்களைக் கண்டுபிடித்து, இது என் வண்டிதான் என்றாராம். ஹாராவும் அதைப் புது வண்டி மாதிரி பளபளவென்று ஆக்கவில்லை. பாரிஸ் போய்ச் சேர்ந்த கோலம் எதுவோ, அதே கோலத்தில் நிறுத்திவைத்தார்.

உங்கப்பா தன் ஹெரால்ட் காரின் பானெட்டை மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் சாய்த்துவிட்டு, முன் டயர் மேல் உட்கார்ந்து கார்புரேட்டர் துடைப்பாரே, அதுதான் ஞாபகம் வந்தது. அங்கேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. ஹாரா சூதாட்ட விடுதிகள் நடத்திச் சம்பாதித்தவர். சேர்த்த வண்டிகள் சுமார் 1,400. புகாட்டி ராயல் உலகத்தில் இன்று இருப்பதே ஆறுதான், அதில் இரண்டு அவரிடம் இருந்தன. ரேடியேட்டர் மூடி மேல் பின்னங்காலில் நிற்குமே யானை, கணக்கு நோட்டு முழுக்க நீ வரைந்து அடி வாங்கினாயே, அதே வண்டிதான். 1978-ல் ஹாரா இறந்துபோனார். வண்டிகள் அவர் பேரில் இல்லை, கம்பெனி பேரில் இருந்தன. 1980-ல் ஹாலிடே இன்ஸ் அந்தக் கம்பெனியை வாங்கியது. கட்டிடம், கட்டில், மேஜையோடு சேர்ந்து அத்தனை வண்டியும் அவர்கள் கைக்குப் போய்விட்டது. ஹோட்டல்காரர்களுக்குப் பழைய கார் எதற்கு? விற்கப்போகிறோம் என்றார்கள். ஊர் கூச்சல் போட்டதும் 175 வண்டிகளை ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். 1989-ல் திறந்த இந்த மியூசியம் அதை வைத்துத்தான். மீதியில் பெரும்பகுதி 1984, 85, 86 என்று வருஷாவருஷம் ஏலம் போனது. ராயல் ஒன்று மட்டும் 65 லட்சம் டாலர்.

ஏலமே தப்பு என்று நான் சொல்லவில்லை. எடுத்தவர்களில் பலர் அந்த வண்டிகளைக் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் எந்த வருஷத்து வண்டிக்கு எந்த நட்டு, எந்தப் பெயின்ட் என்று தேடித் தேடிச் சேர்த்த பட்டறை ஒன்று அங்கே இருந்தது. வண்டிகள் திசைக்கு ஒன்றாகப் போன பிறகு அந்தப் பட்டறை ஏது? எனக்கு மனசு ஆறவே இல்லை.

சரி, இப்போது நேராகக் கேட்கிறேன். உங்கப்பாவின் மூன்று வண்டிக்கும் ஆர்.சி. புக் யார் பேரில் இருக்கிறது? ஹெரால்டை உங்கள் குடும்பப் பட்டறை பேரில் வாங்கியதாக அவரே ஒரு தடவை சொன்னார். பட்டறையில் உன் சித்தப்பாவுக்கும் பங்கு உண்டு. பாகம் பிரிக்கிற பேச்சு அடிபடுவதாக வாசு சொல்கிறான். சித்தப்பா தங்கமான மனுஷர். அவர் மருமகனை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஜாக்கி விஷயத்தை நான் மறக்கவில்லை.

அப்பா தெம்பாக இருக்கும்போதே மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். எது வீட்டோடு இருக்க வேண்டும், எதை விற்கலாம் என்று அவரே சொல்லட்டும், எழுதி வாங்கிக்கொள். ஆர்.டி.ஓ. ஆபீசில் பேர் மாற்றுகிற வேலையைத் தள்ளிப்போடாதே. அப்புறம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ஷெட்டுக்குக் கூட்டிப்போய், ஹெரால்டில் அவர் கையால் ஒட்டுப்போட்ட இடம் ஒவ்வொன்றையும் காட்டச் சொல்லி ஃபோனில் பதிவு செய். உனக்குத் தெரியும் என்று சொல்லாதே, உனக்குத் தெரியாது. ஊட்டி மலையில் சைலன்சர் கழன்று விழுந்தபோது நீ பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

ஏப்ரலில் வருகிறேன். அதற்குள் பேட்டரி மாற்றி வை. பழனிக்கு ஹெரால்டில்தான் போகிறோம். அப்பா முன்சீட்டில், நீ பின்னால்.

அன்புடன்,
ரவி