பாப்பியாமெந்து உடைசல் மொழி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கரீபியத் தீவுப் பயணக் கட்டுரை, கூரசாவ் மக்கள் பேசும் பாப்பியாமெந்துவை "வினையடைகூட இல்லாத உடைசல் ஸ்பானியம்" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. ('மெள்ள', 'அழகாக' என்று வினை நடக்கும் விதத்தைச் சொல்லும் சொல்தான் வினையடை.) படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் கப்பலில் எஞ்சினியராக இருந்தவன். பழுதுபார்க்கக் கூரசாவின் வில்லெம்ஸ்டாட் துறைமுகத்தில் ஏழு வாரம் கிடந்தோம். புரொப்பெல்லர் தண்டை கிரேனில் இறக்கும்போது அங்கிருந்த மேஸ்திரி உள்ளங்கையைக் கவிழ்த்து, காற்றை அமுக்குவதுபோல் காட்டி, "போக்கோ போக்கோ" என்பார். போக்கோ என்றால் கொஞ்சம். அடுக்கிச் சொன்னால் மெள்ள மெள்ள. அவசரமென்றால் "லிஹே". டன் கணக்கில் இரும்பு தொங்கும்போது அந்த வினையடைகளை நம்பித்தான் பக்கத்தில் நின்றோம்.

'புனீத்தா' என்றால் அழகான. "எ தா காந்தா புனீத்தா" என்றால் அவள் அழகாகப் பாடுகிறாள். சொல் மாறவில்லை, வினைக்குப் பின்னால் போய் நின்றதும் வேலை மாறிவிடுகிறது. தீவை ஆண்ட டச்சுக்காரர்களின் மொழியிலும் இப்படித்தான், பெயரடைச் சொல்லே வினையடையாக வரும். டச்சை உடைசல் என்று எழுத யாருக்கும் கை வருவதில்லை. ஸ்பானியத்தில் உள்ளதுபோல் 'மெந்தே' என்று முடியும் வினையடைகளும் பாப்பியாமெந்துவில் உண்டு.

சாப்பிடக் கூப்பிட்டால் மேஸ்திரி "மி ஆ கோமே காபா" என்பார். சாப்பிட்டாச்சு. 'காபா' என்றால் முடி, முடித்துவிடு. வாக்கியக் கடைசியில் வந்தால் 'ஏற்கெனவே'. நம் 'ஆச்சு' அந்தக் கரையில் என் காதில் விழுந்த மாதிரி இருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் இந்த மொழியைப் பேசியதற்காக அடி வாங்கியதாக அவர் என்னிடம் சொன்னார். அடித்தவர்கள் சொன்ன காரணமும் உடைசல் என்பதுதான்.

மொரீஷியஸ் கிரியோலைக் 'கொச்சை பிரெஞ்சு' என்று தாங்கள் அச்சிட்டபோதும் கடிதம் போட்டேன். பிரசுரிக்கவில்லை, பதிலும் இல்லை. முப்பது வருட வாசகனுக்கு ஒரு அஞ்சலட்டைகூடக் கிடைக்கவில்லை என்பது வருத்தம்தான். 1775-லேயே பாப்பியாமெந்துவில் கடிதம் எழுதியிருக்கிறார்கள் என்பதும், 2003-ல் அரூபாவிலும் 2007-ல் கூரசாவ், பொனேர் தீவுகளிலும் அது ஆட்சிமொழி ஆனது என்பதும் தாங்கள் அறியாததல்ல. அறிந்தும் அந்த வரியை எப்படி அனுமதித்தீர்கள்?

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். 'பாப்பியமண்டு' என்று தவறாக அச்சான பெயரையும் அதிலேயே சரிசெய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி