கடலோரப் பள்ளிகளுக்குத் தனி வரைபடம் போடுங்கள்

பொதுப்பணித் துறையின் கட்டடப் பிரிவுப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். சேலத்துக்குப் பொருந்தும் வகுப்பறை வரைபடம் கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் பொருந்தாது. தானே (2011), கஜா (2018) புயல்கள் கரையேறிய பகுதி இது. புயல் என்றால் ஊரே ஒதுங்குவதும் பள்ளிக்கூடத்தில்தான்.

முதலில் கம்பி. உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்து அடிக் கான்கிரீட்டைப் பிளக்கும். கூரை பெயர்ந்து பிள்ளைகள் தலையில் விழுவது பெரும்பாலும் இதனால்தான். கடலோரச் சூழலுக்கு எம்30 வலிமைத் தரக் கான்கிரீட், 45 மி.மீ. கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்) என்கிறது இந்தியக் கான்கிரீட் தர விதியான ஐ.எஸ். 456. ஆனால் வேலை நடக்குமிடத்தில், கம்பியை அந்த உயரத்தில் தாங்கும் சிறு கட்டையான கவர் பிளாக்குக்குப் பதில் கைக்கு வந்த ஜல்லியைச் செருகுவார்கள். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் கம்பிமேல் நடக்க, ஜல்லி நழுவும். கம்பி அடியிலுள்ள சென்ட்ரிங் ஷீட்டில் (கான்கிரீட்டைத் தாங்கும் அச்சுத் தகட்டில்) போய் உட்காரும். மீட்டருக்கு ஒன்றாவது கான்கிரீட் கவர் பிளாக் கட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் தளம் போட அனுமதிக்காதீர்கள். போர் தண்ணீரையும் சோதியுங்கள்: லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஆகாது. கியூரிங்குக்குத்தானே (கான்கிரீட் இறுகும்வரை ஈரமாக வைக்கத்தானே) என்று அதையே ஊற்றுவதும் தப்பு.

அடுத்தது மழை. மணிக்கு 100 மி.மீ. பெய்தால் 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10,000 லிட்டர் இறங்கும். நான்கு அங்குலக் குழாய் ஒன்று தாங்குவது சுமார் 42 சதுர மீட்டர்தான். ஆக மூன்று குழாய் வேண்டும். ஒன்றோடு விட்டால், அதுவும் வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டால், கைப்பிடிச் சுவருக்குள் குளம்தான். அடைப்பு வந்தாலும் நீர் வழிய, சுவரில் கொஞ்சம் மேலே ஒரு துவாரம் விடுங்கள்.

வெயிலுக்கு நீளச் சுவர்கள் வடக்கு, தெற்கு பார்க்கட்டும். கிழக்கு வாசல்தான் வேண்டும் என்று ஊரில் கேட்பார்கள். அதைப் பள்ளியின் கேட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுவரை உச்சிவெயில் வடக்கிலிருந்து சாய்வதால், சன்ஷேடு வடக்கிலும் தேவை. மாடியில் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு மேலே தட்டோடு. சாய்வு குழாய் வாய்களை நோக்கி.

பேஸ்மட்ட (கட்டடத் தரை மட்ட) உயரத்தை, ஊரில் வெள்ளம் ஏறிய அடையாளத்தைக் கேட்டறிந்து, அதற்கு மேல் இரண்டடியாக வையுங்கள். மீட்டர் பெட்டி, மோட்டார் ஸ்டார்ட்டர், கழிப்பறைத் தளம் எல்லாம் அந்த மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும். வகுப்பறையை உயர்த்திக் கழிப்பறையைத் தாழ விட்டால், செப்டிக் டேங்க் மூழ்கிக் கழிவு கோப்பை வழியே மேலே வரும். தங்க வந்த குடும்பங்கள் முதல் இரவே வெளியேற நேரும்.

இப்படிக்கு,
கடலோரக் கட்டடப் பொறியாளர்கள் சிலர்