மூன்றெழுத்து வில்லன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆங்கிலம் கற்பவர்களைப் பயமுறுத்துவது நீளமான சொற்கள் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் ஆளைக் கவிழ்ப்பவை மூன்றெழுத்துச் சொற்கள். 'செட்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இதற்குத்தான். 430 பொருள்கள், விளக்கம் மட்டும் சுமார் 60,000 சொற்கள். ஒரு நாவல் அளவு!

அலாரம் வைத்தாலும் செட், சூரியன் மறைந்தாலும் செட். சிமென்ட் இறுகுவதும், முறிந்த எலும்பைப் பொருத்துவதும், கணிதத்தில் நாம் 'கணம்' என்று படித்ததும் அதுவேதான். போதாக்குறைக்கு இறந்தகாலத்திலும் வடிவம் மாறாது.

எனக்கு வியப்பு என்னவென்றால், இது ஒரே சொல்லே அல்ல. வினைச்சொல்லான செட், 'உட்காரவை' என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. தொகுதி, கூட்டம் என்ற பொருளில் வரும் செட்டோ பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் 'செக்டா'விலிருந்து வந்தது. மதப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்'டுக்கும் அதுதான் மூலம். வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள் ஒரே பெயரில் வளர்ந்து, கடைசியில் யார் யாரென்றே தெரியாமல் கலந்துபோன கதை.

சரி, நாம் மட்டும் சளைத்தவர்களா? சட்டை போடுகிறோம், கையெழுத்து போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். தமிழ் கற்கும் வெளியார் பாவம்.

ஒரு வேண்டுகோள்: ஆங்கிலப் பயிற்சிப் பகுதி வெளியிட்டால், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று பட்டியல் போடாமல், வாக்கியங்களோடு சொல்லித்தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்